புளிமிளகாயில் வேர்க்கடலை

இதை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீலக் கோடு விழும், கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் வரும், அதோடு கதை முடிந்துவிடும். போனில் சொல்லலாம் என்றால் உனக்கு எந்நேரமும் ஒரு மீட்டிங் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். உன் பெயரோ உன் புத்தகமோ அடிபடுகிற தமிழ்ப் பத்திரிகை எதையும் நீ விட்டுவைத்ததில்லை. அம்மா அனுப்பும் செய்தியைப் படிக்காவிட்டாலும் இதைப் படிப்பாய். பயப்படாதே, பெயர் எதுவும் போடவில்லை. உன் பெயர் இல்லை, அந்தப் பெரிய எழுத்தாளரின் பெயர் இல்லை, நாவலின் பெயரும் இல்லை. படிக்கிறவர்களில் நாலு பேருக்கு யாரென்று புரியும். மற்றவர்களுக்கு நாம் ஹைதராபாத்தில், மல்காஜ்கிரியில் இருக்கிற ஒரு அம்மாவும், படித்து இத்தாலிக்குப் போய்விட்ட ஒரு மகனும்தான். லூச்சியாவின் பெயரை மட்டும் நான் மறைக்கவில்லை. அதை மறைப்பதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

போன மாதம் விசாவுக்கு போட்டோ கேட்டாய். வெள்ளை பேக்ரவுண்ட், காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது என்று விவரமாக எழுதியிருந்தாய். சிரிக்கக் கூடாது என்பது எனக்கு ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. நீ மொழிபெயர்த்த தமிழ் நாவல் இத்தாலிய மொழியில் வருகிறது, மிலானில் வெளியீட்டு விழா, அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார வேண்டும். நியாயமான ஆசைதான். வாழ்நாளெல்லாம் கரும்பலகைப் பக்கம் நின்று கணக்குப் போட்டவளுக்கு முதல் வரிசையில் உட்காரக் கிடைப்பது பெரிய விஷயம். போட்டோ எடுத்துவிட்டேன். காதும் தெரிகிறது. ஆனால் விசா ஏஜென்டிடம் இன்னும் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் லூச்சியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் நேர்காணல் ஒன்றில், இத்தாலிய மொழி உங்களுக்கு எப்படி வசப்பட்டது என்று கேட்டதற்கு, “சின்ன வயதிலிருந்தே மொழிகள்மேல் ஒரு காதல்” என்று சொல்லியிருக்கிறாய். சின்ன வயதில் உனக்கு இருந்த ஒரே காதல் கிரிக்கெட் மட்டைமேல்தான். மொழி உன்னைத் தேடிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வந்தது, கையில் ஒரு சூட்கேஸும் தலையில் ஒரு துணித் தொப்பியுமாக. டூ-லெட் போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, “அம்மா, இவ்வீட்டின் மேல்தளம் வாடகைக்குக் கிடைக்குமா?” என்று கேட்டாள். உன் அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த ரயில்வே குடும்பம் அவருடையது. அவர் தமிழில் பாதி உருது. சமையலறைக்கு வந்து, “கைக்கு, எதுக்கு நமக்கு இந்த வம்பு? வெள்ளக்காரி. நாளைக்கு போலீஸ் வெரிபிகேஷன் அது இதுன்னு வந்து நிக்கும். நக்கோ, வேணாம்” என்றார். நான் அம்பாசமுத்திரத்துக்காரி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து முழுசாக ஒரு தமிழ் வாக்கியம் காதில் விழாதா என்று கிடந்தவள். “அவ பேசுத தமிழ உங்க வீட்ல ஒருத்தராவது பேசுவியளா? இருந்துட்டுப் போறா” என்றேன். அப்படித்தான் அவள் மாடிக்கு வந்தாள். இங்கே பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழி கற்றுக்கொடுக்கிற வேலை அவளுக்கு. என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தாள், இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். உனக்கு அவள் மாடி ஆன்ட்டி.

அவள் கதையை எனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னாள், பெரும்பாலும் என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது. வடக்கு இத்தாலியில் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். படித்து முடித்துப் பெரிய நகரத்துக்கு வந்து, ஒரு நாளிதழில் வாராவாரம் புத்தக விமர்சனம் எழுதினாள். நல்ல பெயர். ஒரு வருஷம் பெரிய பரிசு வாங்கிய நாவலை ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தபோது, இது பழைய சட்டைக்குப் புதுப் பித்தான் தைத்த வேலை என்று எழுதிவிட்டாள். அந்த எழுத்தாளர் பத்திரிகை முதலாளிக்கு வேண்டியவர். அடுத்த வாரம் அவள் எழுதும் இடத்தில் சமையல் குறிப்பு வந்தது. நண்பர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள். அந்த நாட்களில்தான் ஒரு நூலகத்தில், யாரோ மோசமாக மொழிபெயர்த்த தமிழ்க் கதை ஒன்றை ஆங்கிலத்தில் படித்திருக்கிறாள். இதற்கு அடியில் ஒரு நல்ல கதை மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது என்று தோன்றியதாம். அதற்காகக் கப்பல் ஏறாத குறையாக மதுரைக்கு வந்து தமிழ் படித்தாள். இரண்டு சிறுகதைத் தொகுப்புகளை மொழிபெயர்த்து, அங்கே ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. ஆனால் அங்கே விமர்சகர்கள் அவளை மொழிபெயர்ப்பாளர் என்று ஒதுக்கினார்கள், மொழிபெயர்ப்பாளர்கள் அவளை விமர்சகர் என்று ஒதுக்கினார்கள். இரண்டு கூட்டத்திலும் அவளுக்கு நாற்காலி இல்லை.

நம் மாடியில் அவளுக்கு இரண்டு ஜன்னல். காலையில் கிழக்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மொழிபெயர்ப்பாள். சாயங்காலம் தெருப்பக்கத்து ஜன்னலுக்கு வந்து விமர்சனம் எழுதுவாள். “காலையில் நான் அந்த நூலுக்கு வேலைக்காரி டீச்சர். அது சொன்னதைச் செய்வேன். மாலையில் நான் அதை நிற்கவைத்துக் கேள்வி கேட்பேன்” என்பாள். காலையில் மெழுகிக் கோலம் போட்ட நூலையே சாயங்காலம் கிழித்துத் தொங்கப்போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அடிக்குறிப்பு போடுவது அவளுக்குப் பிடிக்காது. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் விளக்கம் சொல்வது, சாப்பிடுகிறவன் காதில் போய்ச் சமையல் குறிப்பு ஓதுகிற மாதிரி என்பாள். இத்தாலிக்காரனுக்குத் தெரியாத ஒரு சமாசாரம் கதையில் வந்தால், அதைப் பாத்திரத்தின் கையால் செய்யவைத்து வாக்கியத்துக்குள்ளேயே கரைத்துவிடுவாள். அதற்கு அவள் வைத்திருந்த ஒரே விதி, தான் கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது என்பது. கதையில் பூத் தொடுத்தால் நான் பூத் தொடுக்க வேண்டும், அப்பளம் இட்டால் நான் அப்பளம் இட வேண்டும். அவள் பக்கத்தில் நின்று என் விரலைப் பார்த்து எழுதிக்கொள்வாள்.

உன் கதைக்கு வருகிறேன். வீட்டில் நான் தமிழில் கேட்டால் நீ இந்தியில் பதில் சொல்வாய், தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். உன்னைத் தமிழ் படிக்கவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. புத்தகத்தை எடுத்தால், “நக்கோம்மா, போர்” என்று ஓடிவிடுவாய். கடைசியில் உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொடுத்தவள் அந்த இத்தாலிக்காரி. அவளுக்குக் கதைகளைக் காதால் கேட்க வேண்டியிருந்தது. உனக்கு அவள் செய்கிற கேக் வேண்டியிருந்தது. நீ தப்புத் தப்பாகத் தமிழ் வாசிப்பாய், அவள் திருத்துவாள். பதிலுக்குத் தன் மொழியைச் சொல்லிக்கொடுத்தாள். இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கும்போது நீ அவளோடு இத்தாலிய மொழியில் சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டாய். இங்கே என்ஜினியரிங் முடித்து மிலானில் மேல்படிப்புக்கு விண்ணப்பித்தபோது, நேர்முகத்தில் அவர்கள் வாயைப் பிளந்தார்கள் என்று சொன்னாயே, அந்த வாயைப் பிளக்கவைத்தவள் யார்? உன் இரண்டு மொழியும் அவள் போட்ட சாப்பாடு. இதை நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருப்பதே எனக்குக் கசக்கிறது.

நம் தமிழ் எழுத்தாளர்கள் அவளைச் சும்மா விடவில்லை. ஹைதராபாத்தில் ஒரு வெள்ளைக்காரி தமிழை இத்தாலிய மொழிக்குக் கொண்டுபோகிறாள் என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக ரயிலேறி வந்தார்கள். வரும்போதே கையில் ஒரு பொன்னாடை, தன்னுடைய புத்தகங்கள் ஒரு கட்டு. பொன்னாடையைப் போர்த்திவிட்டு, “நம்ம நாவலுக்கும் ஒரு வழி பண்ணுங்கம்மா” என்பார்கள். அவள் புத்தகத்தை வாங்கி ஒழுங்காகப் படித்துவிட்டு, எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வாள். வந்தவர் முகம் சுண்டிப்போகும். “நீங்க நல்லா இருக்குன்னு சொன்னா போதும்மா, நான் விமர்சனமா கேட்டேன்?” என்று ஒருவர் அழாத குறையாகச் சொன்னதை நீயும் கேட்டாய், மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தாய். அந்தப் பொன்னாடைகளை வைத்து நான் அவள் ஜன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுத்தேன். பெரிய பெரிய எழுத்தாளர்கள் எல்லாம் அவளுக்கு வெயில் மறைத்தார்கள்.

அப்படி வந்தவர்களில் பெரியவர் உன் எழுத்தாளர். அவருடைய நாவல் லூச்சியாவுக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. தாமிரபரணிக் கரைக் குடும்பம் ஒன்றின் கதை. ஏன் பிடித்தது, எங்கே பிடிக்கவில்லை என்று என்னிடம் மணிக்கணக்காகப் பேசுவாள். அதில் ஓர் இடம். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவள், யாரோடும் பேசாமல் அடுப்படிக்குப் போகிறாள். புளிமிளகாய் வைத்து இறக்குகிறாள் என்று ஒரே வரி, அவ்வளவுதான் நாவலில். தமிழ் படிக்கிறவனுக்கு அது போதும். இத்தாலிக்காரனுக்கு அந்த ஒரு சொல்லில் என்ன தெரியும்? லூச்சியா இறங்கி வந்து, “டீச்சர், புளிமிளகாய் வையுங்கள்” என்றாள். வைத்தேன். பச்சைமிளகாயை நல்லெண்ணெயில் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, இன்னொரு பக்கம் வேர்க்கடலையை வறுத்து, ஆறவிட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, ஜன்னலோரமாக நின்று தோலை ஊதினேன். அப்புறம் அதைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டேன். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அவள் மொழிபெயர்ப்பில் அந்தப் பெண் கடலைத் தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதுகிற இடத்தை மாடியில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டி, தமிழில் பொருள் சொன்னாள். அந்தப் பெண்ணின் கோபம் முழுவதும் அந்த ஊதுகிற மூச்சில் போகிறது என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அவள் தட்டச்சில் அடித்திருந்த அந்த மொழிபெயர்ப்பு முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தது நீ. இன்டர் பரீட்சை முடிந்த லீவில் அறைக்குள் உட்கார்ந்து டைப் செய்தாய். அதன் பிறகுதான் ஊரிலிருந்து என் மதினி வந்திருந்தாள். இட்லிக்குப் புளிமிளகாய் வைத்தேன். ஒரு வாய் வைத்தவள், “ஏளா, இதென்ன கூத்து? புளிமிளகாய்ல கடலையப் போட்டு வச்சிருக்க? நம்ம பக்கம் எவளாவது போடுவாளா?” என்றாள். நான் திகைத்துப் போனேன். போட மாட்டார்கள்தான். அம்மா போட்டதில்லை. மிர்ச்சி கா ஸாலன் என்று இந்த ஊரில் மிளகாய்க் குழம்புக்கு வேர்க்கடலையும் எள்ளும் அரைத்துவிடுவார்களே, பக்கத்து வீட்டு நூர்ஜஹான் சொல்லிக்கொடுத்தது, அது எந்த வருஷமோ என் புளிமிளகாய்க்குள் வந்து குடியேறிவிட்டது. எனக்கே தெரியவில்லை. எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த லூச்சியா அங்கேயே தட்டை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். தாமிரபரணிக் கரையில் நிற்கிறவளை மல்காஜ்கிரிச் சமையல் செய்யவைத்துவிட்டேனே என்று சிரிப்பும் அழுகையுமாக மாடிக்கு ஓடினாள். அச்சுக்குப் போவதற்குமுன் புரூப்பில் அந்தக் கடலையை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னாள். நீ அன்றைக்கு வீட்டில் இல்லை, கிரிக்கெட் ஆடப் போயிருந்தாய்.

புரூப் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு. லூச்சியா அந்த நாவலுக்கு ஒரு முன்னுரை எழுதினாள். நம் ஊரில் புத்தகத்துக்கு முன்னால் எழுதுவது என்றால் சந்தனம் குங்குமம் கொடுத்து வரவேற்கிற மாதிரி. நல்லதைத் தவிர வேறெதுவும் சொல்லக் கூடாது. அவளுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும், முன்பாதியில் இந்த ஆசிரியர் தன் பெண்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கிறார், பின்பாதியில் அவர்கள் வாயை மூடிவிட்டுத் தானே பேசுகிறார் என்று எழுதினாள். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று எழுத்தாளர் போனில் கேட்டபோது, ஒரு சொல் குறைக்காமல் தமிழில் சொன்னாள். “கல்யாண வீட்டு வாசல்ல நின்னு சந்தனம் குடுங்கன்னா, மாப்பிள்ளைக்கு என்னென்ன வியாதின்னு வாசிக்கிறீங்களேம்மா” என்றார் அவர். முன்னுரையை எடுத்துவிட்டால் புத்தகம் வரட்டும், இல்லாவிட்டால் அனுமதி இல்லை. நான்கூட அவளிடம், “கண்ணை மூடிக்கிட்டு எடுத்துத் தொலையேன்” என்றேன். “காலையில் செய்த வேலைக்காக மாலையில் பொய் சொல்ல முடியாது டீச்சர்” என்றாள். புத்தகம் நின்றது. நம் பத்திரிகைகளில் வெள்ளைக்காரத் திமிர் என்று எழுதினார்கள். திரைச்சீலையாகத் தொங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட அவளுக்காக ஒரு வரி எழுதவில்லை. அடுத்த வருஷம் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, விசா தீர்ந்தது, போய்விட்டாள். செகந்திராபாத் ஸ்டேஷனில் உன் அப்பாதான் அழுதார். வாடகைக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொன்ன மனுஷன்.

இப்போது அவள் பிறந்த ஊரிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. எழுதிய விமர்சனங்கள் பழைய பேப்பரில், மொழிபெயர்த்த புத்தகங்கள் அச்சில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். பல விஷயம் மறந்துபோகிறது. உன் அப்பா போய்ச் சேர்ந்ததை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்று மறப்பதில்லை. எடுத்தவுடன், “டீச்சர், இன்று என்ன சமையல்? புளிமிளகாயா? கடலை போட்டீர்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில்தான் அவள் முழுசாக இருக்கிறாள். மிலானிலிருந்து அந்த ஊர் ரயிலில் போய்வரும் தூரம்தான். நீ போனதில்லை.

பிறகு உன் காலம் வந்தது. கம்பெனி வேலையோடு இலக்கியமும் ஒட்டிக்கொண்டது. இரண்டு கவிதை மொழிபெயர்த்தாய், இரண்டு கூட்டத்தில் பேசினாய், போட்டோவில் நன்றாக இருக்கிறாய். அந்தப் பெரிய எழுத்தாளரே உன்னைக் கூப்பிட்டு நாவலைக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். என் மகன் செய்கிறான், அவள் விட்ட இடத்திலிருந்து செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். போன மாதம் வீடியோவில் வந்தாய். கையில் புரூப். “அம்மா, ஒனக்கு ஒரு சீன் படிக்கிறேன். யூ வில் லவ் இட்” என்றாய். இத்தாலிய மொழியில் வாசித்துவிட்டு, எனக்காகத் தமிழில் சொன்னாய். “புருஷனோட சண்ட போட்டுட்டு வந்தவ மா. கிச்சன்ல போயி கடலைய வறுத்து, ரெண்டு கையிலயும் வச்சு இப்படித் தேச்சு, ஜன்னல்கிட்ட நின்னு தோலை ஊதுறா. எக்ஸாக்ட்லி நீ பண்ற மாதிரியே! எப்படி எழுதியிருக்கார் பாரு!”

ஆமாம், நல்லா எழுதியிருக்கார் என்றேன். வேறென்ன சொல்ல? உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எத்தனையோ பக்கம் இருக்க, அம்மாவுக்கு என்று தேடி எடுத்து அந்தப் பக்கத்தை வாசித்தாய். பிரியத்தில் வந்து மாட்டிக்கொண்டாய். போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய், அவள் விட்டுப்போன தமிழ் நாவலை எடுத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியும், இருந்தாலும் பார்த்தேன். ஒரே வரி. கடலையும் இல்லை, ஜன்னலும் இல்லை. நான் கணக்கு டீச்சர். காப்பி அடித்தவனைச் சரியான விடையை வைத்துப் பிடிக்க முடியாது. சரியான விடை எல்லோருக்கும் ஒன்றுதான். தப்பான விடையை வைத்துத்தான் பிடிப்போம். ஒரே தப்பு இரண்டு பேப்பரில் இருந்தால் அங்கே ஒரு தலைதான் வேலை செய்திருக்கிறது. வேறொருவன் என்றால் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பான், தமிழ் நாவலைத் திறந்து பார்த்திருப்பான். உனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏனென்றால் நீ பிறந்ததிலிருந்து சாப்பிட்ட புளிமிளகாயில் கடலை இருந்தது. உலகத்தில் புளிமிளகாய் என்றால் அதுதான் என்று நினைத்துவிட்டாய். என் கையால் தின்றதே உன்னைக் காட்டிக்கொடுத்தது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் உன்னைக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? “நீயேதான் பண்ணுனியா?” என்றேன். “ஹவ் மா, ஆமா, நானேதான். ஆன்ட்டி டிராப்ட்ட சும்மா ரெபரன்ஸுக்கு வச்சிருந்தேன், தட்ஸ் ஆல்” என்றாய். அவள் பெயர் இருக்கிறதா என்றேன். நன்றி சொல்கிற பக்கத்தில் இருக்கிறது என்றாய். என்னவென்று இருக்கிறது என்றேன். “மை பர்ஸ்ட் டீச்சர்னு போட்டிருக்கேன் மா.” பேரு எங்கலே என்றேன். “அவருக்கு அந்தப் பேரு ஆகாது மா. பேரு வந்தா புக்கே வராது. கொஞ்சம் அண்டர்ஸ்டாண்ட் பண்ணு. அவங்களுக்கு இப்ப இதெல்லாம் தெரியவா போகுது?” என்றாய். உன் முன்னுரையையும் அனுப்பியிருந்தாய். அதை யாரையோ வைத்துத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குறை என்று ஒரு சொல் இல்லை. சந்தனம், குங்குமம், கல்கண்டு எல்லாம் இருக்கிறது. அவள் காலையில் செய்ததை எல்லாம் எடுத்துக்கொண்டாய். சாயங்காலம் செய்ததைத் தெருவில் கொட்டிவிட்டாய். அந்தச் சாயங்காலத்துக்காகத்தான் அவள் வேலை, வீடு, பெயர் எல்லாவற்றையும் விட்டாள்.

அவளுக்குத் தெரியப்போவதில்லை என்று சொன்னாயே, அதற்கு வருகிறேன். நீ அந்த நாவலைச் செய்கிறாய் என்று நான்தான் அவளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன், இந்தக் கடலை விவகாரம் தெரிவதற்கு முன்னால். அவளுக்கு அன்று அவ்வளவு உற்சாகம். “நல்லது டீச்சர். அவன் என்னுடையதைப் பார்க்கக் கூடாது என்று சொல்லுங்கள். பார்த்தால் என் குரல் அவனுக்கு ஒட்டிக்கொள்ளும். பிறகு அவன் குரலைத் தேட முடியாது” என்றாள். போன ஞாயிறு மறக்காமல் அதையே பேசினாள். வாரத்துக்கு இருமுறை ஒரு பெண் வந்து அவளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறாளாம். உன் புத்தகம் கடைக்கு வந்த அன்றே வாங்கி வரச் சொல்லியிருக்கிறாளாம். வரிவரியாகக் கேட்டு, சொல்லச் சொல்ல எழுதவைத்து, ஒரு விமர்சனம் எழுதப்போகிறாள். “இதுதான் நான் எழுதும் கடைசி விமர்சனம். என் மாணவன் என்று சலுகை கிடையாது” என்றாள். குரலில் அந்தப் பழைய மிடுக்கு. “அவன் பார்த்தானா டீச்சர், என்னுடையதை?” என்று கேட்டாள். லைன் சரியில்லாத மாதிரி நான் போனை வைத்துவிட்டேன். உனக்காக நான் செய்தது அது. இனிமேல் செய்ய மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். புத்தகம் அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது என்று நீயே சொன்னாய். உன் பெயருக்கு மேலே அவள் பெயரைப் போடு. எழுத்தாளர் அனுமதி தரமாட்டேன் என்றால் புத்தகம் வராது, வராமல் போகட்டும். வராத புத்தகத்தோடு அவள் இத்தனை வருஷம் தலைநிமிர்ந்து இருக்கிறாள், உன்னாலும் முடியும். ரயிலேறிப் போய் அவள் எதிரே உட்கார்ந்து, நீ வாயைத் திறந்து சொல். அப்படிப் போவதென்றால் போட்டோவை ஏஜென்டிடம் கொடுக்கிறேன், நானும் வருகிறேன், மிலானுக்கு அல்ல, அவள் ஊருக்கு. முதல் வரிசை எனக்கு வேண்டாம்.

இதைப் படித்ததும் உனக்கு முதலில் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். நான் பெற்ற பிள்ளை அல்லவா. அந்தக் கடலையை எடுத்துவிடலாம் என்று தோன்றும். இரண்டு மூன்று வாக்கியம்தானே, புரூப்பில் அடித்தால் போயிற்று. லூச்சியாவும் எடுக்கத்தான் நினைத்தாள், தப்பு என்பதால். நீ எடுத்தால் அது உன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்பதற்காக எடுப்பாய். எடுத்தால் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது, கடலையைத் தவிர தான் எழுதிய வரியெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருக்கும். ஆனால் அந்தப் புத்தகத்தில் ஜன்னலோரமாக நின்று தோல் ஊதுகிறவள் நான். அவள் பெயரை ஏற்கெனவே எடுத்துவிட்டாய், என்னையும் எடுத்துவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு அம்மா வா என்று கூப்பிடுவாய் என்று யோசித்துக்கொள்.

எடுக்கவும் இல்லை, போய்ச் சொல்லவும் இல்லை என்றால், நடக்கப்போவதை நான் சொல்கிறேன். அந்தப் பெண் உன் புத்தகத்தை வாசித்துக்கொண்டு வருவாள். லூச்சியா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கம் வரும். கடலை வரும், உள்ளங்கை வரும், ஜன்னல் வரும். முதலில் அவள் சிரிப்பாள். அவள் சிரிப்பு எனக்குத் தெரியும். பிறகு அந்தப் பெண்ணிடம், அதே வரியை இன்னொரு முறை வாசி என்று சொல்வாள்.

அம்மா
மல்காஜ்கிரி